சாப்பாட்டறைச் சுவரில் ஒரு குளம்

நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோனபோது எனக்கு ஒன்பது வயது. வீட்டுக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது. ரொறன்ரோவின் கிழக்கில், ஸ்ட்ரீட்கார் என்கிற ட்ராம் வண்டி ஓடும் பெரிய தெருவிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே, செங்கல் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் வரிசையில் அது நான்காவது. அம்மாவின் ஆட்கள் எல்லோரும் நகரத்தின் வடக்கு ஓரத்தில், மில்லிக்கன் பக்கம் புது வீடுகளில் இருந்தார்கள். அங்கே கராஜில் இரண்டு கார் நிற்கும். தமிழ்க்கடைக்கு ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். அப்பாவுக்கோ பழைய வீடுதான் வேண்டும். அந்தக் காலத்து மரம் மாதிரி இப்போது வராது என்று சொல்லிச் சொல்லியே அதை வாங்கினார். மரம் நன்றாகத்தான் இருந்தது. கூரை ஒழுகியது, யன்னல்கள் திறக்க மறுத்தன, படிகள் ஏறுகிறவர்களைப் பார்த்து முனகின.

“சனம் புது வீடு வாங்குது. நீங்கள் ஆரோ வெள்ளைக்காரற்றை பழசை வாங்கி வைச்சிருக்கிறியள்,” என்பார் அம்மா.

“பொறும், திருத்திக் காட்டிறன்,” என்பார் அப்பா.

அப்பாவுக்கு மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை. ஓய்வு நாட்களில் தொலைக்காட்சியில் வீடு திருத்தும் நிகழ்ச்சிகளை விடாமல் பார்ப்பார். பார்த்துப் பார்த்து, அதில் வருகிறவர்களைவிடத் தனக்குக் கொஞ்சம் கூடத் தெரியும் என்ற நிலைக்கு வந்திருந்தார். நிலவறையில் சுத்தியல், வாள், துளைகருவி எல்லாம் வரிசையாகத் தொங்கின. அவற்றில் பாதியை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை.

வன்னியில் சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்த வருடம் அது. அந்த மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அப்பா சாப்பாட்டறையைக் கையில் எடுத்தார். அறையின் சுவர் முழுக்க முன்னைய வீட்டுக்காரர் அடித்த மண்ணிறப் பலகைகள். அவற்றை அப்பா ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். உள்ளே ரோசாப்பூப் போட்ட சுவர்த்தாள் இருந்தது. அதைக் கிழித்தால் பச்சைக் கோடு போட்ட இன்னொரு தாள். மேலே, கூரைக்குக் கிட்ட, அந்தக் காலத்து மனிதர் பீங்கான் தட்டுகளை அழகுக்கு நிறுத்திவைத்த மரச்சட்டம் ஒன்று அறையைச் சுற்றி ஓடியது. அந்தச் சட்டத்துக்கு மேலே பச்சைக் கோட்டுத் தாள் கிழிந்த மூலையைப் பார்த்து, நான்கு வயதுத் தம்பி, “அப்பா, வோட்டர்! வோட்டர்!” என்று கத்தினான்.

இன்னொரு ஒழுக்கு என்றுதான் எல்லோரும் ஓடிப்போனோம். அம்மா கையோடு ஒரு வாளியும் கொண்டுவந்தார். மாமிதான் ஏணியில் ஏறி விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ஈரமில்லை. இது படம்,” என்றார்.

மாமி என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, எங்களோடுதான் இருந்தார். வேலை செய்த தொழிற்சாலை அந்தக் குளிர்காலத்தில் ஆட்களைக் குறைத்ததில் அவருடைய வேலை போய்விட்டது. அதனால் நாள் முழுக்க வீட்டில் இருந்தார்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் சத்தம் கேட்டு வந்து, தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, தன் தாயின் வீட்டுச் சுவரில் மான்களும் ஊசியிலைக் காடும் இருந்தன என்றார். முன்பெல்லாம் இந்தத் தெருவில் எந்தச் சாப்பாட்டறைக்குப் போனாலும் ஆட்களின் தலைக்கு மேல் ஒரு காடோ ஆறோ ஓடிக்கொண்டிருக்குமாம். ஓவியம் வாங்க வசதியில்லாதவர்கள் கடைக்குப் போய்ச் சுருளாக வாங்கிவந்து ஒட்டுவார்களாம். அவர் போனபிறகு அப்பா அதை அம்மாவுக்கு விளக்கினார். “குளத்தை முழம் போட்டு வாங்கியிருக்கிறாங்கள்,” என்றார். அவருக்கு அது பெரிய பகிடியாக இருந்தது.

அப்பாவின் திட்டம், எல்லாவற்றையும் சுரண்டி எறிந்துவிட்டு வெள்ளை அடிப்பது. மாமி ஏணியை விட்டு இறங்கவில்லை.

“அண்ணை, இதை எனக்கு விடுங்கோ. நான் மெல்ல மெல்ல எடுக்கிறன்.”

வேறு நேரமாக இருந்திருந்தால் அப்பா விட்டிருக்க மாட்டார். ஆனால் அந்த நாட்களில் அவருடைய மனம் சுவரில் இல்லை. பெரியப்பா குடும்பம் ஐந்து பேரும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். தை மாதத்துக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வேலை முடிந்து வந்ததும் அப்பாவும் அம்மாவும் சாப்பிட்டும் சாப்பிடாமலும் நகரத்துக்குப் போய், சண்டையை நிறுத்தச் சொல்லித் தெருவோரம் பதாகை பிடித்து நிற்கும் சனத்தோடு சேர்ந்து நிற்பார்கள். குளிரில் உதடு வெடித்துத் திரும்புவார்கள். மாமியும் இரண்டு தரம் போனார். பிறகு பிள்ளைகளோடு ஒராள் நிற்க வேண்டும்தானே என்று சொல்லி நின்றுவிட்டார். அப்படித்தான் அந்தச் சுவர் எனக்கும் மாமிக்கும் சொந்தமாயிற்று.

பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நான் நேரே சாப்பாட்டறைக்குத்தான் போவேன். மாமி சுடுதண்ணீரில் வினாகிரி கலந்து, போத்தலில் ஊற்றி, தாளின் மேல் தெளிப்பார். வீடு முழுக்க ஊறுகாய்ப் போத்தலுக்குள் இருப்பது போல மணக்கும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தோசை திருப்பும் தட்டகப்பையால் ஓரத்தைத் தட்டினால், பச்சைக் கோட்டுத் தாள் மெதுவாக எழும்பும். அதைக் கிழியாமல் உரிக்க வேண்டும். கீழே நின்று ஸ்பொஞ்சைப் பிழிந்து கொடுப்பது என் வேலை. தம்பி மேசைக்குக் கீழே இருந்துகொண்டு, விழும் துண்டுகளைக் கார் ஓட்டும் தெருக்களாக அடுக்குவான். ஒரு நாளில் ஒரு சாண், மிஞ்சினால் இரண்டு சாண். நான் பிறகு பெரிய பெரிய வேலைகளெல்லாம் செய்திருக்கிறேன். அந்தப் பின்னேரங்களைப் போல ஒரு வேலைக்கு ஓடிப்போனது கிடையாது.

முதலில் நீலத் தண்ணீர் வந்தது. பிறகு தண்ணீருக்குள் தலைகீழாக மரங்கள், அதற்குமேல் உண்மையான மரங்கள், வளைந்த கல்லுப் பாலம் ஒன்று. ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரு வள்ளம் வந்தது. அதில் தொப்பி போட்ட ஒருவர் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, இன்னும் எவ்வளவோ தூரத்தில், கரையில் நீளச் சட்டை போட்ட ஒரு பெண் கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆர் மாமி அவர்?”

“ஆரோ.”

“எங்கை போறார்?”

“அவ நிக்கிறாவெல்லே. அங்கைதான்.”

“எப்ப போய்ச் சேருவார்?”

மாமி ஸ்பொஞ்சை என்னிடம் நீட்டினார். “மிச்சத்தையும் எடுத்தால்தானே தெரியும்,” என்றார்.

அதை நான் அப்படியே நம்பினேன். படக்கதைப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்புவது மாதிரி, அடுத்த சுவரில் அவர் கரைக்குக் கிட்ட வந்திருப்பார், அதற்கடுத்த சுவரில் இறங்கியிருப்பார் என்று கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதிகளுக்கும் சொல்லிவைத்தேன். அவர்கள் ஒவ்வொரு நாளும் வந்து கேட்பார்கள். அவர் இன்னும் தண்ணீரில்தான் என்று சொல்வேன்.

யன்னல் பக்கத்துச் சுவரில் தாள் உரிந்தபோது மறுபடியும் பாலம் வந்தது. பிறகு வள்ளம் வந்தது. அதே தொப்பி, அதே துடுப்பு, தண்ணீரில் அதே மூன்று கோடு. கரைக்கு அதே தூரம்.

எனக்கு வந்த ஆத்திரம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. யாரோ என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது. அன்று அப்பா வீட்டில் நின்றார். நான் அழுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “மெசினிலை அடிச்சது பிள்ளை. சீலைத்துணி மாதிரி. ஒரே படம் திருப்பித் திருப்பி வரும்,” என்றார். மாமி ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு கன நேரம் அந்த வள்ளத்தைப் பார்த்தார்.

“மற்றச் சுவரையும் எடுத்துப் பாப்பம்,” என்றார் கடைசியில்.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டு போனார். மூன்றாவது சுவரிலும் வள்ளத்துக்காரர் அங்கேயேதான் இருந்தார். அந்த இடத்தில் பழைய பசை இறுகிப்போய், பச்சைத் தாளோடு சேர்ந்து வள்ளமும் ஒரு துண்டாகப் பெயர்ந்து வந்துவிட்டது. மாமி அதை எறியச் சொன்னார். நான் எறியவில்லை, கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக் காயவிட்டேன்.

மே மாதத்தில் சண்டை முடிந்தது. பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. அன்றைக்கு எங்களுக்கு உயரம் பாய்தல் இருந்தது. நான் வீட்டுக்கு வந்தபோது தொலைக்காட்சி நிறுத்தியிருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அது நிற்பதைப் பார்த்தேன். அம்மா முன்னறை சோபாவில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அப்பா வேலைக்குப் போகவில்லை. பின்வாசல் படியில் சேட்டில்லாமல் இருந்தார், குளிர் இன்னும் விடவில்லை. மில்லிக்கனிலிருந்து யாரோ இடியப்பம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். சண்டை முடிவது நல்லதுதானே, பிறகேன் எல்லோரும் இப்படி இருக்கிறார்கள் என்று மாமியிடம் கேட்டேன். மாமி ஏணியில் நின்றார். “தண்ணியை மாத்திக்கொண்டு வா,” என்றார்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு யோசனை வந்தது. காய்ந்த வள்ளத்தை எடுத்து, ஓரங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஏணியில் ஏறி, கடைசி மூலையில் கரையில் நின்ற பெண்ணுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பசையால் ஒட்டினேன். கொஞ்சம் சரிந்துவிட்டது. வள்ளம் புல்லின் மேல் ஏறி, அவளுடைய சட்டையில் கால்வாசியை மறைத்துக்கொண்டு நின்றது. அவர் தரையில் துடுப்புப் போடுவது மாதிரி இருந்தது. ஆனாலும் வந்துவிட்டார்.

மாமியைக் கையில் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். மாமி அண்ணாந்து பார்த்தார். ஏறிப்போய், எழும்பி நின்ற ஓரத்தைப் பெருவிரலால் அழுத்திவிட்டார். “வடிவாக் கிடக்கு,” என்றார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை காலை, அப்பாவும் அம்மாவும் வன்னியிலிருந்து தப்பி முகாம்களில் இருக்கிறவர்களின் பெயர்ப் பட்டியல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு யாரோ ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தார்கள். தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். தூரத்திலிருந்து பேசும் ஒரு பெண்குரல் மாமியின் பெயரைச் சொல்லிக் கேட்டது. கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமியின் கையெல்லாம் தண்ணீர். இரண்டு விரலால் தொலைபேசியைப் பிடித்துக் காதில் வைத்தார்.

“ஓம்,” என்றார். பிறகு இன்னொரு ஓம். பிறகு, “எப்ப?” என்று கேட்டார். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். முடிவில், “நீங்கள் ஏதும் சாப்பிட்டனீங்களோ? சாப்பிடுங்கோ அக்கா,” என்றார். தொலைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார்.

“ஆர் மாமி?”

“தெரிஞ்ச ஒராள். தண்ணி ஆறிப்போச்சு, சுடுதண்ணி கொண்டு வா.”

நான் கொண்டுவந்து கொடுத்தேன். மாமி மிச்சத் தாளை உரித்தார்.

அந்தத் தெரிந்த ஆள் யார் என்று நான் பல்கலைக்கழகம் முடித்த வருடம்தான் எனக்குத் தெரியவந்தது. அப்போது மாமி ஒஷாவாவில் தனியாக இருந்தார். ஒரு மத்தியானம் அவருடைய சமையலறையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னார். மாமி விரும்பிய ஒருவர் இருந்திருக்கிறார். அவர் மன்னார்க்காரர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். மாமி கனடாவுக்கு வருமுன்பே இருவரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் வேதக்காரரைக் கலியாணம் செய்ய விடமாட்டார்கள் என்பதால், நேரம் பார்த்து அப்பாவிடம் சொல்லலாம் என்று மாமி வைத்திருந்தார். ஊருக்குத் தொலைபேசியில் பேச மாமி வாங்கி, இலக்கத்தை நாணயத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்த கோலிங் கார்டுகளில் பாதி பெரியப்பாவுக்கு, பாதி அவருக்கு. அன்று லண்டனிலிருந்து பேசியது அவருடைய தமக்கை. சண்டையின் கடைசிக் கிழமையில், அவர் கஞ்சி வாங்க வரிசையில் நின்ற இடத்தில் எறிகணைச் செல் விழுந்திருக்கிறது.

“அண்ணையிட்டை ஆறுதலாச் சொல்லுவம் எண்டு இருந்தன். பிறகு சொல்லுறதுக்கு என்ன கிடக்கு?” என்றார் மாமி. கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டார்.

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். மாமி தொலைபேசியை வைத்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்காது. வாசற்கதவு சுவரில் போய் மோதியது. அப்பா சப்பாத்தோடு உள்ளே ஓடிவந்தார். “இருக்கினம்! ஐஞ்சு பேரும் இருக்கினம்!” என்று கத்தினார். பெரியப்பாவின் பெயர் பட்டியலில் இருந்தது. பெரியம்மா, மூன்று பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. அம்மா அழுதுகொண்டே சிரித்தார். அப்பா தம்பியைத் தூக்கிச் சுற்றினார். பிறகு ஏணியடிக்குப் போய், மேலே நின்ற மாமியின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “அண்ணை இருக்கிறார் பிள்ளை, எங்கடை அண்ணை இருக்கிறார்,” என்று விம்மினார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல். மாமி குனிந்து அவருடைய தலையில் கை வைத்தார்.

பாயாசம் காய்ச்ச வேண்டும் என்றார் அம்மா. ஆனால் பையைப் பிரித்த அவசரத்தில் சவ்வரிசி நிலமெல்லாம் கொட்டியது. மாமி இறங்கி வந்து கையைக் கழுவி, அடுப்படியை எடுத்துக்கொண்டார். பின்னேரம் மில்லிக்கனிலிருந்து அம்மாவின் ஆட்கள் இரண்டு கார் நிறைய வந்தார்கள். மாமி தட்டத்தில் கப்புகளை அடுக்கி, ஒவ்வொருவரிடமும் போய்க் குனிந்து கொடுத்தார். கூடுதலாகக் கேட்டவர்களுக்கு இரண்டாம் தரமும் ஊற்றினார்.

“அண்ணன்ரை குடும்பம் தப்பியிருக்கு, உன்ரை முகத்திலை ஒரு சிரிப்பையும் காணேல்லையே?” என்று அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் மாமியைக் கேட்டார்.

எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி, “மாமிக்கு என்னிலை கோவம்! நான் வள்ளத்தைப் பிழையா ஒட்டிப்போட்டன்!” என்றேன்.

அறையே சிரித்தது. எல்லோரும் சாப்பாட்டறைக்கு வந்து, புல்லில் துடுப்புப் போடுகிறவரைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். தட்டத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்து, அதைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மாமியை அப்படிச் சிரிக்கவைத்தது நான்தான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்பா அன்று யாருக்கும் எதையும் கொடுக்கக்கூடிய மனநிலையில் இருந்தார். “உது அப்பிடியே இருக்கட்டும் பிள்ளை. நீ ஆசையா எடுத்தது. நான் தொடமாட்டன்,” என்று மாமியிடம் சொன்னார்.

“வேண்டாம் அண்ணை,” என்றார் மாமி. “வெள்ளையை அடியுங்கோ.”

அடுத்த சனிக்கிழமையே அப்பா உருளையும் வாளியுமாகத் தொடங்கிவிட்டார். முதல் பூச்சில் குளம் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது; பனிமூட்டத்துக்குள் பார்ப்பது மாதிரி. இரண்டாவது பூச்சில் போய்விட்டது. நான் படியில் இருந்து பெருங்குரலெடுத்து அழுதேன். இரண்டு மாதம் ஸ்பொஞ்ச் பிழிந்தவள் நான்; என்னை ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் விடுகிறேன் என்றுதானே சொன்னார். மாமியோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

அந்தக் கிழமை அம்மா காலை வேலைக்குத் திரும்பியிருந்தார். என் தலையை இழுத்துப் பின்னிவிடுகிற வேலை மாமியிடம் வந்தது. கதிரையில் விறைத்துக்கொண்டு இருப்பேன். கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டேன். மாமியும் அதிகம் கேட்கவில்லை. மெதுவாகச் சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்து, கடைசி வரை பின்னுவார். பிறகு சரியில்லை என்று குலைப்பார். மறுபடியும் சீப்பால் இழுத்து, மறுபடியும் பின்னுவார். சில நாட்களில் மூன்றாம் தரமும் குலைத்தார். அவருடைய விரல்கள் என் தலையில் அப்படியே நின்றுவிடும் நேரங்களும் உண்டு. நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன். இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போனேன்.

அதைச் சாட்டாக வைத்து அம்மாவிடம் முறையிட்டேன். மாமிக்குத் தலை இழுக்கத் தெரியாது, வேண்டுமென்று சுணக்குகிறா, இனி நீங்களே இழுத்துவிடுங்கோ என்று அடம்பிடித்தேன். அம்மா சலித்துக்கொண்டு, அடுத்த நாள் அரை மணித்தியாலம் முந்தி எழும்பி வந்தார். மாமி எனக்குமுன் வந்து கதிரைக்குப் பின்னால் நின்றார். சீப்பை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு விலகினார். அம்மா இரண்டு நிமிடத்தில் இறுக்கிப் பின்னிவிட்டார். எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்ற நினைப்போடு, அன்று நேரத்துக்கே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன்.